சோடா ரொட்டி ஏன் கல்லாகிறது?

கேள்வி: அயர்லாந்துக் கிராமங்களில் அந்தக் காலத்தில் தினமும் சாப்பிட்ட சோடா ரொட்டியைச் செய்து பார்த்தேன். ஆட்டா மாவு, ஆப்ப சோடா, நீர்மோர் சேர்த்து அரை மணி நேரம் பிசைந்தேன். கல் மாதிரி வந்தது. சோப்பு வாடை வேறு. எங்கே தவறு?

பதில்: பிசைந்ததுதான் முதல் தவறு. சப்பாத்தி மாவு பிசையப் பிசைய மிருதுவாகும், இதுவோ இறுகிப்போகும். அயர்லாந்தின் ஈரமான வானிலையில் விளையும் கோதுமையில் இழுவை குறைவு. ஈஸ்ட் ரொட்டிக்குச் சரிவராத அந்த மாவு சோடாவுக்கு நன்றாகவே ஒத்துப்போனது. நீங்கள் பாதி ஆட்டா, பாதி மைதா எடுங்கள்.

சோப்பு வாடைக்குக் காரணம் நீர்மோர். சோடாவை முறிக்க அதில் புளிப்பு போதாது. அங்கே குத்தகைப் பணத்துக்காக வெண்ணெயைச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். கடைந்த மோர்தான் வீட்டில் தங்கும். தண்ணீர் கலக்காத, புளித்த மோர். ஆப்ப சோடா கடைக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் ஏழை வீடுகளில் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கும் இதே மோரும்தான் சாப்பாடு. 1845இல் கருகல் நோய் வந்து பஞ்சம் தொடங்கும்வரை, உழைக்கும் ஆண் ஒருவர் நாளுக்கு ஐந்தாறு கிலோ கிழங்கு சாப்பிட்டிருக்கிறார். நம்ப முடிகிறதா!

சரி, அளவுக்கு வருவோம். 450 கிராம் மாவுக்கு ஆப்ப சோடாவும் உப்பும் ஒவ்வொரு தேக்கரண்டி, தலை தட்டி. கெட்டியான புளித்த மோர் 350 முதல் 400 மில்லி. எல்லாம் சேர்ந்து திரண்டதும் கையை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் பிசுபிசுப்பாகவே இருக்கட்டும். மோர் பட்டதுமே சோடா நுரைக்கத் தொடங்கிவிடும், அதனால் ஊறவிடக் கூடாது. தட்டையான உருண்டையாக்கி, மேலே ஆழமாகச் சிலுவை போலக் கீறுங்கள். தேவதைகள் வெளியேற வழி என்பார்கள். எனக்குத் தெரிந்து, நடுப்பகுதி வேகத்தான் அது. ஓவனில் 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200இல் அரை மணி. அடியில் தட்டினால் வெற்றுக் குடம் போல ஒலிக்க வேண்டும்.

ஓவன் இல்லையா? அந்தக் கிராமத்தாரிடமும் இருக்கவில்லை. கனமான இரும்புச் சட்டியைக் கரிநிலக் கட்டி (சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய எரிபொருள்) எரியும் அடுப்பில் தொங்கவிட்டு, மூடி மேல் கங்கு பரப்புவார்கள், நாம் பிரியாணிக்குத் தம் போடுவது போல.

வெந்ததும் துணியில் சுற்றி வையுங்கள், மேலோடு இளகும். மறுநாளே காய்ந்துவிடும் ரொட்டி இது. மிஞ்சினால் வாட்டி, வெண்ணெய் தடவிக் கடுந்தேநீரோடு சாப்பிடுங்கள்.