கறுப்பு முத்தும் கச்சான் காற்றும்

கொள்ளைக் கப்பல் கேப்டன் ஜாக் ஸ்பாரோ வரும் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படவரிசை பற்றி நம் கடற்கரை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். தொண்டி முதல் மூக்கையூர் வரை வந்த கடிதங்களில் நடிகரைப் பற்றிய கேள்விகள் குறைவு. படகைப் பற்றித்தான் அதிகம்.

கே: ஐந்து பாகத்தையும் பார்த்தே ஆக வேண்டுமா? எங்கே நிறுத்தலாம்? எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. (கீழக்கரை)

ப: முதல் மூன்றும் ஒரே கதை. 2003, 2006, 2007-ல் வந்தவை, மூன்றுக்கும் இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்த்தே படமாக்கப்பட்டவை என்பதால் இரண்டாவதோடு எழுந்துவிட்டால் கதை நடுக்கடலில் நிற்கும். 2011-ல் ராப் மார்ஷல் எடுத்த நான்காவது கிட்டத்தட்டத் தனிக்கதை. 2017-ன் ஐந்தாவது, வில், எலிசபெத் என்ற பழைய காதலர்களின் மகனை வைத்துத் திரும்பவும் முதல் கதைக்கே முடிச்சுப் போடுகிறது.

முதல் படம்தான் உசத்தி என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் மூன்றாவதைப் பற்றித்தான். "ஒன்றும் புரியவில்லை" என்பவர்களும் உண்டு, "அதுதான் பிரமாதம்" என்பவர்களும் உண்டு. அது புரியாத படம் அல்ல, பேரம் அதிகமான படம். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள். வில்லுக்கு, பேய்க்கப்பலில் அடிமையாய்க் கிடக்கும் அப்பாவை மீட்க வேண்டும். ஜாக்கின் போட்டிக் கேப்டன் பார்போசாவுக்குக் கடல்தேவதை கலிப்ஸோவை விடுவிக்க வேண்டும். ஜாக்குக்குச் சாவே வராத கேப்டனாக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெக்கெட்டுக்குக் கடல் மொத்தமும் வேண்டும். எலிசபெத்துக்கு ஜாக்கைச் சாகவிட்ட குற்ற உணர்ச்சி. இந்த ஐந்து வரி கையில் இருந்தால், யார் யாரைக் காட்டிக்கொடுத்தாலும் ஏன் என்று தெரியும்.

நான்காவதில் வில்லும் எலிசபெத்தும் இல்லை. அதுவரை நேராகப் போகிறவர்களின் கதைக்குள் குறுக்கே வந்து விழுந்துகொண்டிருந்த ஜாக் ஸ்பாரோ, அதில் கதையின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஊறுகாயையே சோறாகப் பிசைந்த மாதிரி. ஜானி டெப்பின் நடிப்பில் குறை சொல்ல முடியாது, இடம் மாறியதுதான் கோளாறு. இரண்டாவதைப் போலவே நான்காவதும் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, ஆகவே கூட்டம் குறையவில்லை. ஆனாலும் அதை இரண்டாம் முறை பார்த்தேன் என்று எழுதியவர்கள் நம் கடிதக்கட்டில் அபூர்வம்.

ஐந்தாவதன் மேல் இருக்கும் கோபம் வேறு. ஜாக்கின் திசைகாட்டியை விட்டுக்கொடுத்தால், அவர் எதற்கு மிகவும் அஞ்சுகிறாரோ அது அவிழ்ந்து வரும் என்று அதில் ஒரு புது விதி. ஒரு மிடறு சாராயத்துக்கு அதைக் கொடுக்கிறார், பேய்க் கேப்டன் சலஸார் கிளம்பி வருகிறான். மூன்றாவது படத்தில் அதே திசைகாட்டியை வில் கையில் கொடுத்துக் கடலில் தள்ளிவிட்டாரே, அப்போது ஒரு நண்டுகூட வரவில்லையே? அந்தத் திசைகாட்டியை மந்திரக்காரி தியா டால்மாவிடம் பண்டமாற்றாக வாங்கியதாக இரண்டாவதில் பேச்சு வரும். ஐந்தாவதில் சாகப்போகும் ஒரு கேப்டன் கொடுக்கிறார். முதல் நான்கின் திரைக்கதை டெட் எலியட், டெர்ரி ரோஸியோ இரட்டையருடையது. ஐந்தாவதை வேறொருவர் எழுதினார். தையல் பிரிந்தது அங்கேதான்.

மூன்றோடு நிறுத்தலாம். குழந்தைகள் கேட்டால் ஐந்தாவதும் பார்க்கலாம்.

கே: முதல் படத்தில் ஒரு வள்ளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலைக்கு மேல் பிடித்தபடி இருவர் கடலடியில் நடந்து போகிறார்களே, நடக்குமா? (தங்கச்சிமடம்)

ப: நடக்காது. நம் கடற்கரைப் பையன்கள் ஏழெட்டுப் பேர் இதையே கேட்டிருப்பதால் கணக்கைப் போட்டே காட்டிவிடலாம்.

முதலில் சின்னச் சோதனை. 15 லிட்டர் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, காற்று வெளியேறாமல் ஊருணித் தண்ணீரில் நேராக அமுக்குங்கள். அது முழுதும் அமிழ ஏறக்குறைய 15 கிலோ பாரம் தேவைப்படும். வாளி எத்தனை லிட்டர் தண்ணீரை ஒதுக்குகிறதோ அத்தனை கிலோ மேலே தள்ளும்.

இப்போது வள்ளம். 12 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று வையுங்கள். இரு முனையும் குறுகுவதைக் கழித்தால் உள்ளே ஏறக்குறைய 1,200 லிட்டர் காற்று நிற்கும். இரண்டு பாகத் தண்ணீருக்குள், அதாவது 12 அடி ஆழத்துக்குப் போனால் அழுத்தத்தில் காற்று சுருங்கி 900 லிட்டர் அளவுக்கு வரும். அப்போதும் 900 கிலோவுக்குக் குறையாத விசை மேலே இழுக்கும், மர வள்ளம் தானே மிதப்பது தனி. கீழே நிற்கும் இருவரும் தண்ணீருக்குள் இருப்பதால் அவர்கள் எடை சில கிலோதான். படகு அவர்களையும் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். கருங்கல் கட்டி அமுக்கலாம் என்றால், கல்லும் நீருக்குள் எடை குறையும் என்பதால் ஒன்றரை டன் கல் வேண்டும். அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பது யார்?

பாரம் கட்டிவிட்டதாகவே வையுங்கள், அடுத்த வில்லங்கம் மூச்சு. பிராணவாயு தீருமுன்பே, விட்ட மூச்சின் கரியமில வாயு சேர்ந்துவிடும். இருவர் சுமையோடு நடந்தால் கால் மணி நேரத்துக்குள் தலை கனத்து மூச்சு வாங்கும். இதற்கிடையில் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தாலும் அந்த விளிம்பு வழியாகக் காற்று குமிழ் குமிழாய் ஓடிவிடும். சங்கு குளிப்பவர்களுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படிப் போக முடியுமென்றால் அவர்கள் எப்போதோ போயிருப்பார்கள்.

கே: முதல் படத்தில் ஜாக்கும் வில்லுமாக இரண்டே பேர் போர்க்கப்பலைத் திருடுவது சுத்தக் கப்சாதானே? (ராமேஸ்வரம்)

ப: இல்லை, அந்த இடம்தான் படவரிசையிலேயே அறிவோடு எழுதியது. நம் வத்தைப் படகில் பாய் கட்டும் குறுக்குக் கழியான ஒரு பருமல், அதை ஏற்ற ஆஞ்சான் கயிறு, பாயைப் பிடிக்கத் தாமான் கயிறு என்று இரண்டு மூன்று பேர் சமாளித்துவிடலாம். சதுரப்பாய்க் கப்பலில் ஒவ்வொரு மரத்திலும் பருமல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கப்பல் திரும்பும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் இரு பக்கமும் கயிறு இழுத்துத் திருப்ப வேண்டும். 'டான்ட்லெஸ்' போன்ற பெரிய கப்பலை இரண்டு பேரால் துறையை விட்டே கிளப்ப முடியாது. படத்திலேயே ஒரு அதிகாரி அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஜாக்குக்கும் அது தெரியும். அவர் குறி பக்கத்தில் நிற்கும் சின்னக் கப்பல் 'இன்டர்செப்டர்'. பெரிய கப்பலைத் திருடுவதுபோல் பாசாங்கு செய்ய, கடற்படையினர் துரத்துவதற்காகச் சின்னக் கப்பலில் தாங்களே பாய் விரித்து, ஓட்டத் தயாராக்கிக் கொண்டுவந்து பக்கத்தில் அணைக்கிறார்கள். அவர்கள் பெரியதில் தாவி ஏறித் தேடும்போது இவர்கள் இருவரும் சின்னதில் தாவிக் கயிற்றை வெட்டிவிடுகிறார்கள். பாய் விரித்துக் கொடுத்ததற்கு ஜாக் நன்றி சொல்லும் இடத்தைக் கவனியுங்கள், அது வெறும் நக்கல் இல்லை. பத்துப் பேர் வேலையை எதிராளியே செய்து முடித்தான். பெரிய கப்பல் பின்னால் திரும்ப முயலும்போது சுக்கான் சங்கிலி ஏற்கெனவே அறுபட்டிருக்கிறது.

அந்த 'இன்டர்செப்டர்' நிஜமாகவே ஓடும் கப்பல். 'லேடி வாஷிங்டன்' என்ற பழைய கப்பலின் மாதிரியாக அமெரிக்காவில் 1989-ல் கட்டியது. முதல் படத்தின் 'பிளாக் பேர்ல்', அதாவது கறுப்பு முத்துக் கப்பல், ஒரு மிதவையின்மேல் எழுப்பிய செட்.

நங்கூரத்தைப் போட்டுக் கப்பலைச் சட்டென்று திருப்பும் காட்சியும் கடலோடிகள் ஆபத்தில் செய்த வித்தைதான். ஓடும்போதே ஒரு பக்கம் நங்கூரம் விழுந்து கயிறு விறைத்தால் கப்பலின் முன்பக்கமான அணியம் அந்தப் பக்கம் சுழலும். பிடிக்கும் தரை வேண்டும் என்பதே இதில் சிக்கல். சேற்றுத்தரையில் நங்கூரம் உழுதுகொண்டு கூடவே வரும். கடலடிப் பாறையான பாரில் மாட்டினால் திரும்பி வராது, கயிற்றை வெட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கிழிந்த கறுப்புப் பாயோடு கறுப்பு முத்துக் கப்பல் எப்படி எல்லாரையும் முந்துகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆடிக் கச்சானில் ஓட்டைப் பாயோடு போனால் கிழிசல் முழம் முழமாக நீளும், வேகம் கூடாது. அது சாபத்தின் கணக்கு, விட்டுவிடுங்கள்.

கே: மூன்றாவது படத்தில் ஆட்கள் இங்குமங்கும் ஓடியே கப்பலைக் கவிழ்க்கிறார்கள். இது சாத்தியமா? (பாம்பன்)

ப: சின்ன வள்ளத்தில் சாத்தியம். எந்த மிதவைக்கும் ஒரு ஆட்டத்தாளம் உண்டு, அந்தத் தாளத்துக்கு ஒத்து ஓடினால் ஆட்டம் ஏறும். பெரிய கப்பலில் அடிப்பாரம் டன் கணக்கில் இருக்கும், 20 பேர் சேர்ந்தாலும் ஒன்றரை டன்கூட வராது. ஆனால் அதே காட்சியில் பீரங்கியையும் சரக்கையும் அவிழ்த்துவிடுகிறார்களே, அது நிஜம். கப்பலைக் கவிழ்ப்பது ஓடும் ஆட்களைவிட உருளும் சரக்குதான். ஐஸ் பெட்டியையும் மீன் கூடையையும் கட்டாமல் ஒரு பக்கமாகக் குவிக்கும் படகுகளுக்கும் இதே கதி வரலாம்.

கே: கரீபியனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு என்ன வேலை? ஒன்பது கொள்ளைத் தலைவர்களில் ஒரு இந்தியர் வருகிறாரே, அவர் யார்? (ராமநாதபுரம்)

ப: ஒரு வேலையும் இல்லை. 1600-ல் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த பட்டயம் நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே வணிகம் செய்யத்தான். 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியை அரியணையிலிருந்து இறக்கிய அதே கம்பெனியைத் திரையில் கெட்டவனாகப் பார்ப்பதில் நமக்கு ஒரு திருப்தி, சரித்திரப்படி இடம் தப்பு.

அந்த இந்தியத் தலைவர் பெயர் சும்பாஜி. மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கிரேயின் குடும்பப் பெயர்களை நினைவூட்டும் பெயர் அது. 1729-ல் இறந்த கானோஜியைக் கம்பெனிக்காரர்கள் கொள்ளைக்காரன் என்றே எழுதினார்கள், அவருடைய ஊரில் அவர் தளபதி. படத்தில் சும்பாஜிக்குப் பதில் இரண்டு பேர் பேசுகிறார்கள், கடைசியில் வாய் திறந்தால் கீச்சுக் குரல். அந்தச் சிரிப்புக்காகவே வைத்த பாத்திரம், வீணடித்தார்கள். யார் கொள்ளைக்காரன் என்பதைப் பேனா வைத்திருப்பவனே முடிவு செய்தான் என்பதற்கு நீங்கள் மராட்டியம் வரை போக வேண்டாம். மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் 1538-ல் போர்த்துக்கீசியர் மரக்காயர் படகுகளோடு மோதினார்கள். அவர்களையும் போர்த்துக்கீசியர் கடற்கொள்ளையர் என்றே குறித்தார்கள்.

கே: கடல்கன்னி, டேவி ஜோன்ஸ், கிராக்கன் இவையெல்லாம் எதிலிருந்து வந்தன? (தேவிபட்டினம்)

ப: பேய்க்கப்பல் கேப்டன் டேவி ஜோன்ஸின் தாடி நம் பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். நடிகர் பில் நை முகத்தில் அதற்காக எதையும் ஒட்டவில்லை. சாம்பல் நிற உடையும் புள்ளிகளுமாக நடித்தார், கணினியில் முகத்தை உருவாக்கினார்கள். அந்த இரண்டாவது படத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. கப்பலை விழுங்கும் கடல்பூதம் கிராக்கன், ராட்சத ஊசிக்கணவாயைப் பெருக்கியது. நிஜ ராட்சதக் கணவாய் நீண்ட கைகளோடு சேர்த்தே 12, 13 மீட்டர்தான், கப்பலை ஒடிக்காது.

கடல்கன்னிக்கு மூலம் ஆவுளியா என்ற கடற்பசு என்பார்கள். கரீபியனில் அதன் உறவான மனாட்டி உண்டு. கொலம்பஸ் 1493-ல் கடல்கன்னிகளைக் கண்டதாகவும் அவ்வளவு அழகில்லை என்றும் குறித்தார். நம் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கி.மீ. பரப்பு 2022-ல் ஆவுளியாக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நான்காவது படத்தில் கடல்கன்னிகளை வெளிச்சம் காட்டி இழுக்கிறார்கள். விளக்குப் போட்டு மீன் கூட்டும் வேலையை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி மற்றவர்களைவிட நன்றாகப் பிடிக்கும்.

கே: 43 அங்குல டிவியில் படம் கீற்றாகத் தெரிகிறது. வசனமும் கேட்கவில்லை. (மண்டபம்)

ப: படத்தின் சட்டகம் உயரத்தைப்போல் 2.39 மடங்கு அகலம். உங்கள் திரை 95 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். படம் 40 செ.மீ. உயரத்தில் நிற்கும், மேலும் கீழும் ஆறேழு செ.மீ. கறுப்பு. 'ஜூம்' போட்டு நிரப்பினால் அகலத்தில் கால்வாசி வெட்டுப்படும், கப்பல் சண்டையில் எதிரிக் கப்பல் அந்தக் கால்வாசியில்தான் நிற்கும். போடாதீர்கள். 'விவிட்' விட்டு 'சினிமா' முறைக்கு மாறி ஜன்னலை அடையுங்கள். நிலா வெளிச்சத்தில் எலும்புக்கூடாக மாறும் முதல் படத்துக்கு இது அவசியம். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள், இல்லாவிட்டால் டேவி ஜோன்ஸ் ரப்பர் பொம்மை. வசனம் அமுங்குவதற்குக் காரணம், ஐந்து ஒலிபெருக்கிக்கான ஒலியை இரண்டில் கேட்பது. ஒலி அமைப்பில் 'ஸ்டீரியோ' தேர்ந்தெடுங்கள்.

கே: முத்து கறுப்பாக இருக்குமா? பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்த பின்னும் உட்கார வேண்டுமா? (வாலிநோக்கம்)

ப: இருக்கும், நம் பக்கத்துச் சிப்பியில் அல்ல. மன்னார் முத்து வெள்ளையும் பொன்னிறமும். கறுப்பு முத்து தாஹித்தி போன்ற இடத்து வேறு சிப்பியில் விளைவது.

உட்காருங்கள், ஐந்திலும் ஒரு துண்டுக் காட்சி இருக்கிறது. முதலில் குரங்கு சாபக்காசை எடுக்கும். இரண்டாவதில் நாய் தலைவனாகும். மூன்றாவதுதான் தவறவிடக்கூடாதது: பத்து வருடம் கழித்து வில் கரைக்கு வருகிறான், மலைமேல் எலிசபெத்தும் பையனும். ஐந்தாவதில் கட்டிலருகே டேவி ஜோன்ஸின் நண்டுக்கொடுக்குக் கை நிழலாக விழும், தரையில் தண்ணீரும் கொட்டலசும் கிடக்கும். ஓடத்தின் அடியில் கொட்டலசு சுரண்டி இடுப்பொடிந்தவர்களுக்கு அந்தப் பேயைவிட அந்தத் தரைதான் பயம் தரும்.