ஒட்டுன ஃபில்லிங் ஏன் விழுது? பல் டாக்டர் கேள்வி பதில்

இன்னிக்கு மதியம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக் மூடிட்டேன், அதனால போன வாரம் நீங்க அனுப்புன கேள்விக்கெல்லாம் ஒரே மூச்சுல பதில் சொல்லிடுறேன். உங்க பல்ல நான் நேர்ல பாக்கல, அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

செந்தூல்ல இருந்து ஒருத்தர்: டாக்டர், முன்பல்லு ஓரத்துல வச்ச வெள்ளை ஃபில்லிங் நல்லா நிக்குது, ஈறு கிட்ட வச்சது மட்டும் ரெண்டு தடவ விழுந்துடுச்சு. அதே டாக்டர், அதே மருந்துதான். ஏன்?

மருந்து அதேதான், ஆனா ஒட்டுற இடம் வேற. முன்பல்லு ஓரத்துல எனாமல், அதான் பல்லோட கெட்டியான வெளி ஓடு, இருக்கு, அதுல எடைக்கு கிட்டத்தட்ட 96 சதவீதம் தாது. 1955ல புவோனோகோர்னு ஒருத்தர் பாஸ்பாரிக் ஆசிட் தடவுன எனாமல்ல பிளாஸ்டிக் நல்லா பிடிக்குதுன்னு காட்டுனாரு, இப்பவும் 37 சதவீத ஆசிட் வச்சு நாங்க அதத்தான் பண்றோம், ஆசிட் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் பள்ளமா ஆகும், பசை அதுக்குள்ள இறங்கி கெட்டியாயிடும், அவ்ளோதான். ஈறு கிட்ட எனாமல் ரொம்ப மெல்லிசு, சில பேருக்கு தேஞ்சே போயிருக்கும், அங்க எனாமலுக்கு அடியில இருக்கிற டென்டின்தான் மிச்சம். டென்டின்ல தாது 70 சதவீதம்தான், மிச்சம் கொலாஜன் நாரும் தண்ணியும், போதாததுக்கு உள்ள நரம்பு இருக்கிற பக்கத்துல இருந்து சின்ன சின்ன குழாய் வழியா தண்ணி கசிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆசிட் போட்டா தாது கரைஞ்சு நார் மட்டும் நிக்கும், காத்தடிச்சு ரொம்ப காய வச்சா அந்த நார் நனைஞ்சு காஞ்ச தலைமுடி மாதிரி படிஞ்சிடும், பசை உள்ள போக வழியில்ல, ஈரம் ஜாஸ்தியா விட்டா பசையே நீத்துப் போயிடும். பசையும் நாரும் பின்னிக்கிற படலத்த 1982ல ஜப்பான் ஆராய்ச்சியாளர் நகாபயாஷி குழு காட்டுனாங்க, டென்டின்ல பிடிப்புன்னா அந்த படலம்தான். இதுல ஈறுல இருந்து ரத்தமோ கசிவோ வந்துச்சுன்னா போச்சு. ராத்திரி பல்ல கடிக்கிற பழக்கம் இருக்கான்னும் பாருங்க. மூணாவது தடவையும் விழுந்தா கிளாஸ் அயனோமர்னு இன்னொரு வகை ஃபில்லிங் வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அது கால்சியத்தோட ரசாயனமாவே பிடிக்கும், பளபளப்பு மட்டும் கொஞ்சம் கம்மி.

பட்டர்வொர்த் அம்மா ஒருத்தர்: மகளுக்கு ப்ரேசஸ் கம்பிய பிடிக்க பல்லுல ஒட்டுற பிராக்கெட் அடிக்கடி கழண்டு விழுது, போனா டாக்டர் இவளத்தான் ஏசுறாரு. இன்னும் ஸ்ட்ராங்கான பசை இல்லையா?

இருக்கு, ஆனா வேணாம்மா. பிராக்கெட்டுக்கு 6லேர்ந்து 8 மெகாபாஸ்கல் போதும்னு 1975லயே சொல்லிட்டாங்க, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 600லேர்ந்து 800 கிராம் வரைக்கும் தாங்கணும். அது ஒருநாள் கழட்டத்தானே போறோம், அளவுக்கு மீறி பிடிச்சா கழட்டும்போது எனாமலே பேந்து வரும். கீழ் கடைவாய் பக்கம்தான் விழுதுன்னா ஒட்டும்போது எச்சி பட்டிருக்கலாம், அது பிள்ள மேல தப்பு இல்ல. ஆனா மைலோ ஐஸ் குடிச்சு முடிச்சிட்டு மிச்ச ஐஸ்கட்டிய கடக்முடக்னு கடிக்கிறாளா, முறுக்கு திங்கிறாளான்னு ஒரு கண்ணு வைங்கலா.

கேஎல்ல பல் மருத்துவம் படிக்கிற தம்பி: ஒரு பசைக்கு 50 மெகாபாஸ்கல்னு போட்டிருக்கான், இன்னொன்னுக்கு 20. முதல்லது தானே நல்லது?

எந்த டெஸ்ட்னு பாருங்க தம்பி. மைக்ரோடென்சைல்ல 1 சதுர மில்லிமீட்டர் அளவு குச்சிய இழுப்பாங்க, இடம் சின்னதானா ஒட்டுன இடத்துல பழுதும் கம்மி, அதனால நம்பர் எகிறும். அகலமா ஒட்டி பக்கவாட்டுல தள்ளுற ஷியர் டெஸ்ட்ல அதே பசை பாதிகூட காட்டாம போகலாம். ரெண்டையும் பக்கத்துல வச்சு பேசுறது விளம்பரக்காரன் வேலை. அப்புறம், 37 டிகிரி தண்ணில 24 மணி நேரம் வச்ச நம்பரா, இல்ல 5க்கும் 55 டிகிரிக்கும் மாத்தி மாத்தி முக்கி எடுத்த பிறகு வந்த நம்பரா? எனக்கு ரெண்டாவதுதான் முக்கியம். எங்க உடைஞ்சதுன்னும் படிங்க, பல்லே உடைஞ்சிருந்தா பசைய குறை சொல்ல முடியாது.

ஆயர் ஈத்தாம்ல இருந்து ஒருத்தர்: பினாங்கு புழுக்கம் பிடிப்ப குறைக்குமா?

ரூம்ல ஏர்கான் ஓடுதே! வாய்க்குள்ள விடுற மூச்சுதான் பெரிய ஈரம், அதுக்குத்தான் பல்ல சுத்தி ரப்பர் டேம்ங்கிற ரப்பர் ஷீட் போடுறோம், மூச்சு முட்டுதுன்னு கழட்டச் சொல்லாதீங்க. பசை பாட்டில தொறந்து வச்சா சில பசைக்குள்ள இருக்கிற அசிட்டோன் ஆவியாகி வீணாப்போகும், அது எங்க பொறுப்பு.

பிரை அக்கா: தங்கச்சி கல்யாணத்துக்கு முன்ன பல்ல வெள்ளையாக்கிட்டு மறுநாளே பல்லு நடுவுல இருக்கிற சந்த ஃபில்லிங் வச்சு அடைக்கலாமா?

மறுநாள் வேணவே வேணாம்க்கா. வெள்ளையாக்குற மருந்துல மிச்சம் நிக்கிற ஆக்சிஜன் பசைய சரியா கெட்டியாக விடாது, ரெண்டு வாரம் விடுங்க, கலரும் அதுக்குள்ள நின்னுடும்.

செராஸ்ல இருந்து ஒருத்தர்: பாட்டி பல் குழில கிராம்பு தைலம் வச்சு விட்டாங்க, அதனால ஃபில்லிங் விழுமா?

தைலத்துல இருக்கிற யூஜெனால்ங்கிற பொருள், வெள்ளை ஃபில்லிங் மருந்தான காம்போசிட் கெட்டியாகுறத தடுக்கும். பாட்டிய திட்டாதீங்க, வலி தணிஞ்சிருக்கும். ஆனா நாற்காலில உக்காந்ததும் முதல்ல அத சொல்லிடுங்க, நல்லா சுத்தம் பண்ணிட்டு ஒட்டிக்கலாம்.