கல்லுப்பிலிருந்து செந்நிற நுண்ணுயிர் வளரவில்லை: உப்பின் அளவைப் பாருங்கள்

கல்லுப்பிலிருந்து செந்நிற நுண்ணுயிரை வளர்க்கப் பார்த்தும் மூன்று நாளில் ஒன்றும் வரவில்லை என்கிறீர்கள். உங்கள் அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ்த்தட்டில்) உப்பு போதவில்லை. நீங்கள் சேர்த்த 5 சதவீதத்தில், நீங்கள் தேடும் உப்புவிரும்பி நுண்ணுயிரான ஹாலோபாக்டீரியம் பிழைக்காது. 20 முதல் 25 சதவீதம் வேண்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கல்லுப்பைக் குறைசொல்ல வேண்டாம். அதன் படிகங்களுக்குள் அடைபட்ட உப்புநீர்த் துளிகளில் இவை உயிரோடு இருப்பதுண்டு.

இந்த உயிர் உப்பை வெளியே தள்ளி நிறுத்துவதில்லை. பொட்டாசியம் குளோரைடைத் தன் செல்லுக்குள் நிரப்பிக்கொண்டு வெளியுப்பை ஈடுகட்டுகிறது. அதன் புரதங்களின் மேற்பரப்பெங்கும் எதிர்மின்சுமை. அதைச் சமன்செய்ய அயனிகள் இல்லாவிட்டால் புரதம் குலையும், செல்லுறை பிரியும், செல் வெடிக்கும். நீங்கள் கல்லுப்பைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தபோதே பெரும்பாலானவை செத்திருக்கும். 25 சதவீத உப்புநீரில் கரையுங்கள்.

மக்னீசியத்துக்காக நீங்கள் சேர்த்த மேக்னசைட் பொடியும் உதவாது. நம் ஊரில் வெட்டியெடுப்பதுதான், ஆனால் அது கார்பனேட். நீரில் கரையாமல் தட்டின் அடியில் வெள்ளை மாவாகத் தங்கிவிடும். அதற்குப் பதிலாக லிட்டருக்கு 20 கிராம் எப்சம் உப்பு (நீரில் கரையும் மக்னீசியம் சல்பேட்) சேருங்கள்.

1. தட்டைப் பாலித்தீன் பையில் இறுக்கமாக மூடி, 37 முதல் 40 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். மூன்றே நாளில் தூக்கி எறிந்தது அவசரம்.

2. சிவந்த புள்ளி வந்தால் துளியளவு எடுத்து, நுண்ணோக்கியின் கீழே வைத்துக் காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். கோலுருச் செல்கள் உருண்டு திரண்டு வெடித்தால் அதுதான் நீங்கள் தேடியது.

இரண்டு நாளில் வெள்ளையாக முளைத்தால் நம்பிவிடாதீர்கள்; உப்பைத் தாங்கும் சாதாரண பாக்டீரியாவாக இருக்கலாம். தட்டில் நுண்ணுயிருக்கு உணவாகச் சேர்க்கும் புரதப் பொடியான பெப்டோனையும் கவனியுங்கள்: சில வகைகளில் கலந்திருக்கும் பித்த அமிலங்களே இவற்றைக் கரைத்துவிடும்.