இன்சூரன்ஸ் பங்குகள் கேள்வி பதில்: ரிசர்வைப் பார்த்தீர்களா?

கேள்வி: சார், இரண்டு பொதுக் காப்பீட்டு நிறுவனங்களை ஒப்பிடுகிறேன். ஒன்று புக் வேல்யூவை (சொத்திலிருந்து பொறுப்புகளைக் கழித்தால் மிஞ்சும் மூலதனத்தை)ப் போல 0.7 மடங்கு விலையில் கிடைக்கிறது, இன்னொன்று 1.4 மடங்கு. முதலாவதுதானே மலிவு?

பதில்: இந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலாவது மூலதனத்தில் வருடம் 6% சம்பாதிக்கிறது, இரண்டாவது 15% என்று வையுங்கள். நீங்கள் கொடுக்கும் விலைக்கு முதலாவதில் சுமார் 8.6% வருகிறது, இரண்டாவதில் 10.7%. இந்த நிலை நீடித்தால் இரண்டாவதுதான் மலிவு.

அப்புறம், அந்த புக் வேல்யூவை எவ்வளவு நம்பலாம்? இன்னும் கொடுத்து முடிக்காத கிளெய்ம்களுக்காக ஒதுக்கும் ரிசர்வ் வெறும் மதிப்பீடுதான். ரிசர்வ் மூலதனத்தைப் போல மூன்று மடங்கு இருக்கிற நிறுவனத்தில், 10% கூடுதலாக ஒதுக்க வேண்டி வந்தால், வரிக்கு முன் மூலதனத்தில் 30% போய்விடும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நோயுற்றவர்களின் கிளெய்ம்கள் பாலிசி விற்றுப் பல பத்தாண்டுகள் கழித்து வந்தன. அப்படிப்பட்ட பழைய பொறுப்புகளை லாயிட்ஸ் ஆஃப் லண்டன் என்ற காப்பீட்டுச் சந்தை 1996-ல் ஈக்விடாஸ் என்ற தனி நிறுவனத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆண்டறிக்கையில் கிளெய்ம் வளர்ச்சி அட்டவணை இருக்கும். பழைய வருடங்களின் மதிப்பீடு தொடர்ந்து ஏறிக்கொண்டே வந்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: ஒரு இன்சூரன்ஸ் பங்கின் பி.இ. (விலை வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 6 தான். வாங்கலாமா?

பதில்: புயல், வெள்ளம் இல்லாத வருடத்தின் லாபமாக இருக்கலாம். பத்து வருட சராசரி லாபத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ரிசர்வையும் பாருங்கள்.

கேள்வி: கம்பைண்ட் ரேஷியோ (100 ரூபாய் பிரீமியத்துக்கு கிளெய்மும் செலவும் சேர்த்து எவ்வளவு என்பது) 103 என்றால் என்ன கவலை? பிரீமியம் முன்னால் வருகிறது, கிளெய்ம் பிறகு போகிறது. நடுவில் இருக்கும் ஃப்ளோட் இலவசப் பணம். முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1967-ல் நேஷனல் இண்டெம்னிட்டி என்ற காப்பீட்டு நிறுவனத்தை வாங்கியது அதற்குத்தானே?

பதில்: ரேஷியோ 100-க்குள் இருந்தால்தான் அது இலவசம். 103 என்றால் 100 பிரீமியத்துக்கு 3 நஷ்டம். ஃப்ளோட் வருடப் பிரீமியத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால், அந்தப் பணத்துக்கு 2% செலவாகிறது.

அதே நண்பர்: பத்திரத்தில் 5% கிடைக்கிறதே, 2% செலவு லாபம்தானே?

பதில்: 103 நிஜமாக இருந்தால் சரி, உங்கள் கணக்கு நிற்கும். ஆனால் அந்த 103-க்குள்ளேயே ரிசர்வ் மதிப்பீடு இருக்கிறது. போட்டிக்காக பிரீமியத்தைக் குறைக்கும் நிர்வாகத்துக்கு ரிசர்வையும் குறைத்துக் காட்டும் ஆசை வரும். மூன்று வருடம் கழித்து அது 110 என்று தெரிந்தால் ஃப்ளோட்டின் செலவு 6.7%. கடன் வாங்கியிருந்தாலே மலிவாகக் கிடைத்திருக்கும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தையும் கம்பைண்ட் ரேஷியோவில் ஒப்பிடலாமா?

பதில்: வேண்டாம். அங்கே எம்பெடட் வேல்யூ (நிகர சொத்தும், இருக்கும் பாலிசிகளில் வரப்போகும் லாபத்தின் இன்றைய மதிப்பும்), புது பாலிசிகளின் லாப விகிதம், எத்தனை பேர் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனம் ஏ.ஐ.ஜி. 2008-ல் விழுந்ததும் ரிசர்வால்தானா?

பதில்: இல்லை. முக்கியக் காரணம் கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப்களும் (அடுத்தவர் கடன் திரும்பாவிட்டால் ஈடு தருவதாகச் செய்யும் ஒப்பந்தங்கள்), பத்திரங்களைக் கடன் கொடுக்கும் தொழிலில் வந்த நஷ்டமும். காப்பீட்டுக்கு வெளியே என்ன தொழில் செய்கிறார்கள் என்பதையும் படியுங்கள்.

கேள்வி: பி.இ. 5-ல் ஒன்று இருக்கிறது, சார்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். பத்து வருட சராசரி, ரிசர்வ் அட்டவணை. இரண்டையும் பார்த்துவிட்டு எண்களோடு வாருங்கள், விரிவாகப் பேசலாம்.