மஸ்ட், ஷுட், மைட் வான்ட் டு

தம்பி, ஜனவரியில் வேலைக்கு இங்கிலாந்தில் ரீடிங் என்ற ஊருக்கு வருகிறேன், வாடகை எப்படி, குளிருக்கு என்ன வாங்கணும், ஆபீஸில் யாருக்காவது யோசனை சொல்ல 'ஷுட்' போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை நெட்டிலேயே கிடைக்கும். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள். மூன்றாவதுதான் விஷயம்.

'யூ ஷுட்' என்று மேலதிகாரியிடம் ஆரம்பிக்காதீர்கள். இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் முகம் சுருங்கிவிடும். 'குட் வீ ட்ரை', அதாவது 'இப்படிச் செய்து பார்க்கலாமா' என்று கேள்வியாகப் போடுங்கள். ஷுட்டை விட மோசம் 'யூ பெட்டர்'. நம்ம ஊரில் 'யூ பெட்டர் டேக் ரெஸ்ட்' என்று அக்கறையாகத்தான் சொல்கிறோம், இங்கே அது காதில் விழுவது 'செய்யலேன்னா பார்த்துக்கோ' என்று.

அவர்கள் பேசுவதைப் புரிந்துகொள்வதுதான் பெரிய பாடு. 'யூ மைட் வான்ட் டு ஹாவ் அனதர் லுக் அட் திஸ்' என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அன்றைக்கே திருத்திக் கொடுத்துவிடுங்கள். நான் வந்த புதிதில் என்னோடு அறையில் இருந்த திருநெல்வேலிக்காரர், இஷ்டமிருந்தால் பார் என்கிறார்கள் போல என்று நினைத்து வெள்ளிக்கிழமை சாயங்காலமே லண்டன் வெம்ப்ளிக்குத் தோசை சாப்பிடக் கிளம்பிவிட்டார். வருடக் கடைசி மதிப்பீட்டில் 'சொன்னதைச் செய்வதில்லை' என்று எழுதிவிட்டார்கள். "மஸ்ட்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்று ராத்திரி முழுக்கப் புலம்பல், எனக்கும் தூக்கம் போச்சு.

இந்தச் சுற்றிவளைப்பு இல்லாத இடம் ஒன்று உண்டு, ஹைவே கோட் என்கிற இங்கத்திய சாலை விதிப் புத்தகம். லைசென்ஸ் எடுக்க எப்படியும் படிக்கத்தான் போகிறீர்கள். மஸ்ட் என்று பெரிய எழுத்தில் இருந்தால் சட்டம், மீறினால் குற்றம். சீட் பெல்ட் மஸ்ட். முன்னால் போகிற வண்டிக்குக் குறைந்தது 2 விநாடி இடைவெளி, அது ஷுட். வெறும் அறிவுரைதானே என்று விட்டுவிடவும் முடியாது, இடித்து வழக்காகிவிட்டால் அதையே காட்டி உங்கள் மேல் பொறுப்பைப் போடலாம். எந்த இலக்கணப் புத்தகத்திலும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் பிடிபட்டதில்லை.

அப்புறம் நம்மாட்கள். புதிதாக யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து 'யூ மஸ்ட் பை இன் ஹாரோ', வீடு வாங்கினால் லண்டன் ஹாரோவில்தான் வாங்கணும் என்பார்கள், ஏதோ பார்லிமென்ட்டில் சட்டம் போட்ட மாதிரி. தலையாட்டிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்தத் திருநெல்வேலிக்காரர் இப்போது ஸ்லவ்வில் மேனேஜர். சென்னையிலிருந்து வந்த பையன் ஒருவனிடம் அவரும் 'மைட் வான்ட் டு' என்றுதான் சொல்கிறாராம், அவன் செய்யவில்லை என்று போன வாரம் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். தனியாகக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லேன் என்றால், ஆபீஸில் தமிழ் பேசினால் நன்றாக இருக்காதாம்.