கணினிக் கேள்வி - பதில்

விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் இலவசம், வைரஸ் தொல்லையும் குறைவு என்கிறார்கள். அப்படியும் எங்கள் ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் விண்டோஸ்தான். லினக்ஸில் ஏதாவது கோளாறா?
- ஒரு வாசகர், அருப்புக்கோட்டை

இலவசம் என்றதும் ஜனங்கள் ஓடிவருவார்கள் என்று நினைத்தோமே, அதுதான் கோளாறு. நம் ஊரில் விண்டோஸும் சும்மாதானே கிடைத்தது! அசெம்பிள் செய்து தருபவர், மார்க்கர் பேனாவில் 'எக்ஸ்பி' என்று எழுதிய சிடியைப் பையிலிருந்து எடுத்து, கேட்காமலேயே போட்டுவிட்டுப் போவார். திருட்டுப் பிரதிதான், ஆனால் யார் கேட்டார்கள்? இரண்டுக்கும் விலை இல்லை என்றால், பக்கத்து வீட்டுப் பையனுக்கு எது தெரியுமோ அதுதான் ஜெயிக்கும்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது நிலைமை மாறும் என்று நம்பினேன். விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் வகையும் அதில் இருந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கறுப்புத் திரையில் கேட்கும். அப்போது நான் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். வருகிற பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, பாஸை எடுத்துடுங்க, அந்த இடத்துல படம் ஏத்திக்கிறேன்." பள்ளியில் அதைத் திறந்தே பார்த்ததில்லை என்பார்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே லினக்ஸில்தான், பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வு உட்பட. கொடுத்தால் மட்டும் போதாது, சொல்லிக் கொடுக்கவும் வேண்டும்.

அப்புறம் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது. அச்சகத்துக்காரரிடம் பதினைந்து இருபது வருஷக் கல்யாணப் பத்திரிகைகள் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்களாகக் கிடக்கின்றன. கணக்குப் பிள்ளைக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் இல்லாமல் கை ஓடாது. இரண்டுக்கும் லினக்ஸில் நேரடியாக ஓடும் பதிப்பு கிடையாது. இவர்களிடம் போய் மென்பொருள் சுதந்திரம் பேசினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் தோற்றுப்போன சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்தது. ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் உள்ளே இருப்பது 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே லினக்ஸின் கருநிரல்தான் (கெர்னல் எனும் மையப் பகுதி). உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. மேசைக் கணினியில்தான் நூற்றுக்கு நான்கைந்து பேரைத் தாண்டத் திணறுகிறது. போன் கம்பெனி ஆண்ட்ராய்டைத் தானே போட்டு விற்கிறது. லேப்டாப் கம்பெனி விண்டோஸைப் போட்டு விற்கிறது. நம்மில் எத்தனை பேர் வாங்கி வந்ததை அழித்துவிட்டு வேறொன்று போடுவோம்?

என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். தூக்கிப் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

வேண்டாம் அம்மா. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, உங்கள் லேப்டாப்பின் ஆயுள் அல்ல. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றச் சொல்லி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று பாருங்கள். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் சரி என்றால், ஃபோட்டோக்களை வேறு இடத்தில் பத்திரப்படுத்திய பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள். வீட்டில் யாராவது டேலி போடுகிறார்கள் என்றால் மட்டும் அவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.