சிங்கர் செய்த 500 பிஸ்டல்கள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிங்கர் தையல் மெசினைப் பற்றி நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லோரும் வாசித்தோம். அம்மம்மாவின் மெசின் இன்னும் எங்கள் விறாந்தையில் நிற்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சித்தப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தக் கொம்பனி பிஸ்டலும் செய்தது, தெரியுமோ?" என்று கேட்டார். பகிடி என்றுதான் நினைத்தோம். பிறகு தன்னிடம் இருக்கும் 1911 பிஸ்டலின் படங்களைப் போனில் காட்டி, அரைநாளாக அதைப் பற்றியே கதைத்தார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைய சாமானாம், ஆனால் அங்கே இன்னமும் புதிது புதிதாகச் செய்து விற்கிறார்களாம். ஒரு வெடி கையில் பட்டாலே ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவானாம். அம்மாவுக்கு இந்தக் கதையே பிடிக்கவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

நான் சுன்னாகத்தில் அப்பாவின் லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். சித்தப்பா சொன்னதில் எவ்வளவு உண்மை? ஒரு பழைய பிஸ்டலில் அப்படி என்னதான் இருக்கிறது? சுடாத பொம்மையாக ஒன்றை லேத்தில் செய்து பார்த்தால் என்ன என்றும் யோசிக்கிறேன்.

கஜன்

அன்புள்ள கஜன்,

சித்தப்பா பகிடி விடவில்லை. சிங்கர் பிஸ்டல் செய்தது உண்மை, அதுவும் அவரிடம் இருக்கும் அதே 1911 வகைதான். இரண்டாம் உலகப் போருக்குள் அமெரிக்கா இறங்குவதற்கு முன்பே அதன் இராணுவம் அந்தக் கொம்பனிக்கு ஒரு பரீட்சார்த்த ஓடர் கொடுத்தது. 500 பிஸ்டல் செய்து காட்டுங்கள், போர் வந்தால் உங்களை நம்பலாமா என்று பார்ப்போம் என்ற கணக்கில். சிங்கரும் 500 செய்து கொடுத்தது. அதோடு சரி. அப்புறம் அது பீரங்கிகளுக்குக் குறி கணிக்கும் கருவிகளைச் செய்யப் போய்விட்டது. போர்க்காலத்தில் இந்தப் பிஸ்டலை மிக அதிகமாகச் செய்து கொடுத்தது றெமிங்டன் றாண்ட். ஆம், ரைப்ரைட்டர் கொம்பனிதான். ரயில் சிக்னல் செய்கிற கொம்பனி ஒன்றும் கூட நின்றது. எல்லாமாக அந்தப் போருக்கு ஏறத்தாழ 19 இலட்சம். தையல் மெசினும் ரைப்ரைட்டரும் யாழ்ப்பாணத்தில் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டவை! அந்த இரண்டு பெயரும் ஒரே வகை ஆயுதத்தின் பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படத்தில் முதலில் பார்த்தபோது எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. சிங்கரின் 500 இல் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் இலட்சம் டொலரைத் தாண்டிப் போவதும் உண்டு. சுடுவதற்காக யாரும் அவ்வளவு காசு கொடுப்பதில்லை.

இதை வரைந்தவர் ஜோன் மோசஸ் பிறவுணிங். 1855 இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒக்டன் என்ற ஊரில் பிறந்தவர். தகப்பன் துவக்குச் செய்கிறவர். அப்பாவின் பட்டறையில் வளர்ந்த பிள்ளை என்பதால் உங்களுக்கு அவரைப் பிடிக்கும். 128 காப்புரிமைகள் அவர் பெயரில் இருக்கின்றன. 1926 இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே, எஃப்.என். ஆயுதத் தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோதே மாரடைப்பில் இறந்தார். 1914 இல் சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதலாம் உலகப் போருக்கு வழி திறந்துவிட்டதும் அவர் வரைந்த இன்னொரு சின்னப் பிஸ்டல்தான்.

சித்தப்பாவின் "தூக்கி எறியும்" கதைக்கு வருவோம். அது அவருடைய சொந்தக் கற்பனையில்லை. பிலிப்பைன்ஸை அமெரிக்கர் பிடித்தபோது தெற்கே மோரோ மக்கள் கத்தியோடு பாய்ந்து வந்தார்கள். அமெரிக்கரிடம் இருந்த 0.38 அங்குல றிவோல்வரால் சுட்டும் சிலர் விழவில்லை என்று படைக்குள் முறைப்பாடு எழுந்தது. தங்கள் மண்ணில் நின்று சண்டை பிடித்தவர்களைப் பற்றிய கதை, சுட்டவர்களின் வாயால் ஒரு ரவையின் விளம்பரமாக மாறிவிட்டது. அது நிற்கட்டும். 1904 இல் தொம்சன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சிக்காகோவின் இறைச்சித் தொழுவத்தில் மாடுகளையும், வேறிடத்தில் மனிதப் பிரேதங்களையும் சுட்டுப் பார்த்தார்கள். 0.45 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுள்ள ரவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுடப்பட்ட மாடுகள் கொஞ்சம், எது எவ்வளவு தாக்கியது என்பதும் பார்த்தவர்களின் மதிப்பீடு. இந்தக் காலத்துச் சோதனைச்சாலை எதுவும் இதை ஏற்காது. ஆனால் 11.43 மில்லிமீற்றர் என்ற அளவு அங்கேதான் முடிவானது.

கணக்கை நீங்களே போடலாம். சன்னத்தின் நிறை ஏறத்தாழ 15 கிராம், வேகம் செக்கனுக்கு 255 மீற்றர் வரை. இரண்டையும் பெருக்கி 70 கிலோ மனிதனால் பிரித்தால் செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர் சொச்சம் வரும். பஸ்சில் பக்கத்தில் நிற்பவர் சும்மா சாய்ந்தாலே அதைவிடக் கூட. ஒருவனைத் தூக்கி எறியும் உதைப்பு ரவையில் இருந்தால், அதே உதைப்பு சுடுகிறவனையும் எறிய வேண்டும். ஆகவே அது சினிமா. மனிதன் விழுவது உடலுக்குள் எது கிழிந்தது என்பதைப் பொறுத்தது. சித்தப்பாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள், அடுத்த வருடமும் அவர் வரவேண்டும்.

அந்தப் பிஸ்டலின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 1911 மார்ச்சில் கோல்ட் கொம்பனிக்காகப் பிறவுணிங் வரைந்ததும் சவேஜ் கொம்பனியின் பிஸ்டலும் இறுதிச் சோதனைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 6000 ரவை. நூறு வெடி வைத்துக் கொஞ்சம் ஆறவிடுவது, ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போடுவது. சவேஜ் 37 தடவை மக்கர் பண்ணியது. கோல்ட் ஒருதடவையும் இல்லை. அந்த மாதம் 29 ஆம் திகதி இராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. 1911 என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை லேத்காரருக்குச் சொல்வது சுகம். குழலின் மேற்புறத்தில் இரண்டு திரட்சிகள் உண்டு. மேலே ஓடும் உறையின் உட்பக்கத்தில் அதற்கேற்ற பள்ளங்கள். வெடிக்கும் கணத்தில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்தபடி சேர்ந்தே பின்னால் போகின்றன. குழலின் அடியில் 8 என்ற இலக்கம் போல இரண்டு துளையுள்ள ஒரு சின்னத் தகடு தொங்குகிறது. மேல் துளையிலுள்ள ஆணி குழலோடு, கீழ்த் துளையிலுள்ள ஆணி பிஸ்டலின் உடலோடு. கொஞ்சம் பின்னால் போனதும் தகடு சுழன்று குழலின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கிறது. பிடி விடுகிறது. உறை மட்டும் தொடர்ந்து ஓடி வெற்றுக் கோதை வெளியே எறிந்து, சுருள்வில் தள்ளத் திரும்பி வரும்போது அடுத்த ரவையை ரவைக்கூட்டிலிருந்து ஏற்றிக்கொள்கிறது. சன்னம் குழலை விட்டுப் போய் அமுக்கம் இறங்கும்வரை ரவை வெடிக்கும் அறை திறக்கக் கூடாது, இவ்வளவுதான் பிரச்சினை. அதை அவர் ஒரு தகட்டால் தீர்த்தார். முந்திய வடிவங்களில் முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று இரண்டு தகடு வைத்திருந்தார், பிறகு முன் தகட்டை எடுத்துவிட்டார். பின்னர் வந்த பிஸ்டல்களில் அந்தத் தகடும் போய், குழலின் அடியில் வெட்டிய ஒரு சரிவே அந்த வேலையைச் செய்கிறது. இன்று உலகப் படைகளும் பொலிசும் வைத்திருக்கும் பிஸ்டல்களில் பெரும்பாலானவை இந்தக் குழல் சாயும் முறையில்தான் ஓடுகின்றன.

பிடியின் பின்பக்கத்தில் ஒரு நெம்பு இருக்கும், உள்ளங்கை அதை அமுக்காவிட்டால் சுடாது. பெருவிரலுக்கு இன்னொரு பூட்டு. இவை குதிரைப்படை கேட்டதால் வந்தவை. ஒரு கையில் கடிவாளம் இருக்க, மற்றக் கையாலேயே ஆயுதத்தைப் பூட்ட வேண்டும் என்றார்கள். குதிரைகள் போய்விட்டன, பூட்டுகள் இருக்கின்றன.

சரி, ஏன் இன்னும் விரும்புகிறார்கள்? குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர், விரலால் இழுக்கும் அதன் விசையைச் சொல்வார்கள். மற்றவற்றைப் போலக் கீலில் ஆடாமல் அது நேராகப் பின்னால் வழுக்குகிறது, அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. ரவைக்கூட்டில் ரவைகள் ஒற்றை வரிசை என்பதால் பிடி மெல்லிசு. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் யாரும் செய்யலாம். இவையெல்லாம் உண்மை. ஆனால் முக்கிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். 1945 க்குப் பிறகு அமெரிக்க இராணுவம் தன் படையினருக்குப் பொதுவாகக் கொடுக்க இந்தப் பிஸ்டலைப் புதிதாக வாங்கவேயில்லை. போரில் மிஞ்சியவற்றின் குழலை மாற்றி, வில்லை மாற்றி, 1985 இல் 9 மில்லிமீற்றர் பெறெற்றா பிஸ்டல் வரும்வரை 40 வருடம் ஓட்டியது. கொரியாவும் வியட்நாமும் அதற்குள் வந்து போயின. களத்தில் பெரும்பகுதியைக் கருவி எதுவுமில்லாமல் கழற்றிப் பூட்டலாம், அதன் ஓர் உறுப்பே இன்னோர் உறுப்பைக் கழற்ற உதவும். அரத்தோடு உட்கார்ந்து உறுப்புகளை உராய்ந்து பொருத்துகிற தொழில்காரர் ஒரு கூட்டமே இதைச் சுற்றி வளர்ந்தது. 90 களில் பொருளாதாரத் தடைக்குள் நாங்கள் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் எப்படி ஓட்டினோம் என்று அப்பாவிடம் கேளுங்கள். பெற்றோல் ஒரு துளி காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியது, உறுப்பு தேய்ந்தால் உங்கள் பட்டறை போன்ற ஒன்றில் கடைந்து போட்டது. அந்தக் கார் தரமானது என்பதைவிட, எங்கள் கைக்கு அடங்கியது என்பதுதான் அதை உயிரோடு வைத்திருந்தது. 1911 உம் அப்படித்தான்.

இதை ஏழு ரவை, 1.1 கிலோ பாரம் என்று கணக்குப் பார்க்கிற இன்றைய இராணுவம் வாங்காது. வாங்காததும் நியாயம். பழையதென்றால் எல்லாம் சிறந்தது என்ற சித்தப்பாமாரின் கட்சியில் நான் இல்லை.

அம்மா எழும்பிப் போனதைக் கொஞ்சம் யோசியுங்கள். அமெரிக்காவில் சித்தப்பாவின் பிஸ்டல் சனிக்கிழமைகளில் கடதாசியைச் சுடுகிறது. எங்கள் ஊரில் அது வேறு சாமான். 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் ஆட்லறியும் பொம்பரும் கொன்றவர்கள் எத்தனையோ மடங்கு. ஆனாலும் செல் எங்கிருந்தோ வரும், யாரைத் தேடியும் வராது. பிஸ்டல் பெயர் தெரிந்து வரும். சைக்கிளில் வந்து, படலையில் நின்று, வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அம்மாவின் வயதுக்காரருக்கு அந்தக் கூப்பிடும் குரல்தான் ஞாபகம் வரும், அதன் விசை நேராக வழுக்குமா கீலில் ஆடுமா என்பதில்லை. சித்தப்பா எந்த வருடம் வெளிநாடு போனார் என்று எனக்குத் தெரியாது, நீங்களும் அதைத் தூக்கிப்பிடித்து அவரோடு கொழுவ வேண்டாம். ஒரு நல்ல இயந்திரத்தை ரசிப்பது குற்றமில்லை, நானே இவ்வளவு நேரம் ரசித்துத்தான் எழுதினேன். எந்த விறாந்தையில் இருந்து ரசிக்கிறோம் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

பொம்மை செய்யும் யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் பட்டறையில் பிஸ்டல் வடிவில் ஓர் இரும்பு இருப்பதை யாராவது கண்டு சொன்னால், அது சுடாது என்று பொலிஸ் நம்பும்வரை நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது. அப்பாவின் லேத்தும் சேர்ந்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது அந்தத் தகட்டின் இயக்கம்தானே? தடித்த மட்டையில் குழலையும் உடலையும் பெரிதாக, பக்கவாட்டாக வெட்டுங்கள், தகடு ஒன்று, குண்டூசி இரண்டு. குழல் மட்டையைப் பின்னால் தள்ளும்போது அது எந்த இடத்தில் சாயத் தொடங்குகிறது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு துளைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை ஒரு மயிரிழை கூட்டிப் பாருங்கள், குறைத்துப் பாருங்கள். பிறவுணிங் எதற்காக முன் தகட்டை எடுத்தார் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.